அரூப அச்சோவியம் இயற்கையிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது?

சாங்கிக் கடற்கரையிலோ பாசிர் ரிஸ் கரையிலோ கடல் உள்வாங்கியிருக்கும் வேளையில் ஈரமணலைக் குனிந்து பார்த்தால், மிளகளவு மணல் உருண்டைகள் கணக்கில்லாமல் பரவிக் கிடப்பதைக் காணலாம். அவற்றை உருட்டி வைப்பவை சுண்டுவிரல் நகத்தளவே உள்ள சிறு நண்டுகள். நீர் வடிந்ததும் வளையைவிட்டு வெளியே வரும் நண்டு, வளையின் வாயிலிருந்து தொடங்கி நேர்கோட்டில் வெளிநோக்கி நகர்ந்தபடியே மணலை அள்ளி வாயிலிட்டு, அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய மணலை உருண்டையாக்கி ஒதுக்கிவிடுகிறது. ஒரு கோடு முடிந்ததும் திரும்பி வந்து, சற்றே தள்ளி அடுத்த கோட்டைத் தொடங்குகிறது. பறவையின் நிழல் பட்டால் ஓடி ஒளிய வேண்டும் என்பதால், வளைக்குத் திரும்பும் பாதையில் மட்டும் உருண்டைகள் சேராமல் பார்த்துக்கொள்கிறது. நேரம் செல்லச் செல்ல, ஒவ்வொரு வளையைச் சுற்றியும் கதிர்கள் விரிந்தது போன்ற ஓர் அமைப்பு உருவாகிவிடுகிறது. அடுத்த ஏற்றத்தின்போது கடல் அத்தனையையும் அழித்துச் செல்கிறது.

இந்தக் காட்சியை இருவர் இரண்டு விதமாகப் பதிவு செய்யலாம். ஒருவர் நண்டை வரைவார்: அதன் ஓட்டின் நிறம், கால்களின் எண்ணிக்கை, கண்கள் நீண்டு நிற்கும் விதம் ஆகியவற்றைத் தவறில்லாமல் காட்டுவார். நம் வட்டாரத்தில் இத்தகைய பதிவுக்கு நீண்ட மரபு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்குவார் சீன ஓவியர்களைக் கொண்டு வரையவைத்த 477 நீர்வண்ண ஓவியங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளன. செடி, பறவை, மீன் என ஒவ்வொன்றும் இன்னது என்று அடையாளம் காணத்தக்க வகையில் அவை வரையப்பட்டிருக்கின்றன. மற்றவர் நண்டையே வரையமாட்டார். மையத்திலிருந்து வெளியே போவதும், திரும்புவதும், சற்று விலகி மறுபடி போவதுமான அந்த ஒழுங்கும், பசியும் பயமும் சேர்ந்து ஒரு வடிவத்தை உண்டாக்கிவிட்ட விதமும், ஒரு பாதை மட்டும் வெறுமையாக விடப்பட்டிருப்பதும் அவருடைய கவனத்தைப் பிடிக்கும். அவர் தம் படைப்பில் கொண்டுவர விரும்புவது அந்த ஒழுங்கையே. பொருளின் உருவத்தை அப்படியே காட்டாமல் அச்சுவழியே படைக்கும் அரூப அச்சோவியர்கள் பலர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள்.

அரூபம் என்றதும், ஓவியர் எதையும் பார்க்காமல் மனம்போனபடி தீட்டிவிட்டார் என்று நினைத்துக்கொள்வது பரவலான வழக்கம். உண்மையில் தமிழர்களாகிய நமக்கு இது அவ்வளவு அந்நியமான காரியமன்று. தேக்காவின் துணிக்கடைகளில் மயில்கண் கரை போட்ட வேட்டியைப் பார்க்கிறோம். அதில் மயிலும் இல்லை, தோகையும் இல்லை. தோகையில் உள்ள கண்ணின் வடிவம் மட்டும் சிறிய சாய்சதுரமாகச் சுருங்கி, இடைவெளி பிசகாமல் திரும்பத் திரும்ப வருகிறது. நெய்தவர் மயிலிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார். எதை எடுப்பது, எதை விடுவது என்பதே அரூபக் கலையின் முதல் வேலை. ஊன்றிப் பார்க்காதவரால் அந்தத் தேர்வைச் செய்ய முடியாது.

அச்சோவியம் என்பது எது

ஓவியர் தூரிகையால் நேரே தாளில் தீட்டுகிறார். அச்சோவியர் அப்படிச் செய்வதில்லை. அவர் மரக்கட்டையிலோ, செப்புத் தகட்டிலோ, சுண்ணாம்புக்கல்லிலோ, திரைத்துணியிலோ முதலில் வேலை செய்கிறார். பிறகு அதில் மை ஏற்றி, அழுத்தத்தின் மூலம் தாளுக்கு மாற்றுகிறார். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். அவை அனைத்தும் மூலப் படைப்புகளே. ஓரத்தில் பென்சிலால் 5/20 என்று எழுதியிருந்தால், இருபது படிகள் கொண்ட பதிப்பில் அது ஐந்தாவது என்று பொருள். ஒளிநகல் எடுப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வழிகள் பல. மரச்செதுக்கு அச்சில், செதுக்கி எடுத்த பகுதி வெள்ளையாகவும் எஞ்சி நிற்கும் மேடு மையாகவும் விழும். எட்சிங் முறையில் இதற்கு நேர்மாறாக, அமிலம் அரித்த பள்ளங்களில் மை தங்கி, அழுத்தத்தில் ஈரத்தாள் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து மையை வாங்கிக்கொள்ளும். லித்தோகிராஃபில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற ஒரே உண்மையை வைத்துக் கல்லிலிருந்து படியெடுக்கிறார்கள். திரை அச்சில், திறந்து விடப்பட்ட கண்ணிகள் வழியே மை தாளுக்கு இறங்குகிறது. தொடக்க நிலை வாசகருக்கு இவ்வளவு போதும்.

இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் கலைஞரின் கைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு பொருள் நின்று, தன் குணத்தைக் காட்டுகிறது. மரத்துக்கு ரேகை உண்டு, அமிலத்துக்கு வேகம் உண்டு, கல்லுக்கு ஈரம் உண்டு, மைக்கு இளக்கமும் இறுக்கமும் உண்டு. கலைஞர் கேட்டதை அந்தப் பொருள் முழுவதும் கேட்பதில்லை. இயற்கையைக் கவனிப்பவர்கள் இந்தக் கலையை நாடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன். அரிப்பு, படிவு, அழுத்தம், ஒழுக்கு, ஆவியாதல் என்று வெளியே எவை நடக்கின்றனவோ அவையே பட்டறைக்குள்ளும் நடக்கின்றன. ஆற்றின் கரை அரிபடுவதை வரைந்து காட்டுவது ஒரு வழி. தகட்டை அரிபட விடுவது இன்னொரு வழி. பின்னதைச் செய்யும்போது, இயற்கையின் தோற்றத்துக்குப் பதிலாக அதன் வேலையே படைப்புக்குள் வந்துவிடுகிறது.

நீரைப் பார்த்த ஒருவர்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கிருஷ்ணா ரெட்டி. 1925இல், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சித்தூர் அருகே நந்தனூரில் பிறந்தவர். சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸிடம் பயின்றவர். 1940களின் இறுதியில் சென்னையில் கலாக்ஷேத்திராவின் ஓவியப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர். சாந்திநிகேதனில் மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே சென்று செடிகொடிகளையும் விலங்குகளையும் நேரே பார்த்து வரைவது பயிற்சியின் அடிப்படையாக இருந்தது. பின்னர் லண்டனுக்கும் அங்கிருந்து பாரிஸுக்கும் சென்ற ரெட்டி, ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் 1927இல் தொடங்கிய அச்சுப் பட்டறையில் சேர்ந்தார். அட்டெலியே 17 என்று பின்னாளில் புகழ்பெற்ற அந்தப் பட்டறையின் நிறுவனரான ஹேட்டர், கலைக்கு வரும் முன் வேதியியலும் நிலவியலும் படித்து, எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். எண்ணெயின் குணம் அறிந்தவரும் செடியின் குணம் அறிந்தவரும் ஒரே பட்டறையில் சந்தித்ததை நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

ரெட்டி, ஹேட்டர், இந்திய அச்சோவியர் கைகோ மோத்தி ஆகியோர் அங்கே உருவாக்கிய முறையை விஸ்காசிட்டி (மையின் பிசுக்குத்தன்மை) முறை என்பார்கள். வழக்கமாகப் பல நிறங்கள் வேண்டுமானால், நிறத்துக்கு ஒரு தகடாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிய வேண்டும். இந்த முறையிலோ ஒரே தகடுதான். அச்சியந்திரத்தில் ஒரே ஓட்டம்தான். தகட்டை முதலில் பல ஆழங்களில் செதுக்கியும் அரித்தும் தயார் செய்கிறார்கள். மிக ஆழமான கோடுகளில் ஒரு நிறத்தை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிடுகிறார்கள். பிறகு எண்ணெய் அதிகம் கலந்து இளகிய மையை ஒரு கடினமான உருளையில் எடுத்து உருட்டுகிறார்கள்; கடினமான உருளை வளைந்துகொடுக்காது என்பதால், அது தகட்டின் மேடுகளை மட்டுமே தொடும். அடுத்து, எண்ணெய் குறைந்த இறுகிய மையை மென்மையான உருளையில் எடுத்து உருட்டுகிறார்கள். மென்மையான உருளை பள்ளத்துக்குள்ளும் அழுந்திச் சென்று அங்கே மையை வைத்துவிடும். அது மேடுகளையும் தொடத்தானே செய்யும், அங்கே இரு நிறங்களும் கலந்துவிடாதா என்று கேட்கலாம். கலப்பதில்லை. மேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணெய் மிகுந்த மை, இறுகிய மையை ஏற்க மறுத்துவிடுகிறது. ஒவ்வொரு நிறமும் தனக்குரிய தளத்தில் தானே நின்றுகொள்கிறது.

இப்போது ஓடும் நீரை நினைத்துப் பார்க்கலாம். மேற்பரப்பில் வானத்தின் ஒளி, சற்றுக் கீழே நீரின் சொந்த நிறம், அதற்கும் கீழே பாறையின் நிழல் என மூன்றும் ஒரே கணத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன; ஆனால் அவை இருப்பது மூன்று ஆழங்களில். விஸ்காசிட்டி முறையில் அமைந்த தகடும் அவ்வாறே ஆழங்களால் ஆனது. ரெட்டியின் தொடக்ககாலப் படைப்புகளான ‘பூச்சி’, ‘மீன்’ (இரண்டும் 1952) ஆகியவற்றில் உயிரின் உருவம் இன்னும் ஒருவாறு பிடிபடுகிறது. 1963ஆம் ஆண்டின் ‘அலை’, ‘நீர்ச்சுழி’ ஆகியவற்றுக்கு வரும்போது கரையோ படகோ தொடுவானமோ எதுவும் இல்லை. மையத்தை நோக்கி ஈர்க்கப்படும் கோடுகளும், அவற்றுக்கிடையே தளம் தளமாக ஒளிரும் நிறங்களுமே உள்ளன. சிற்பமும் கற்றவர் என்பதால், அவர் தகட்டைத் தாள்போலப் பார்க்கவில்லை. மேடும் பள்ளமும் உள்ள ஒரு நிலப்பரப்பாகவே அதைச் செதுக்கினார். அந்த நிலப்பரப்பில் மை தன் இயல்புப்படி ஓடித் தங்கியதன் தடமே நாம் காணும் படம். ஹேட்டரும் இதே காலத்தில் நீரோட்டத்தின்பால் ஈர்க்கப்பட்டவர்தான். 1959இல் அவர் செய்த ‘கேஸ்கேட்’ அருவியின் இறக்கத்தை நெளியும் கோடுகளாக்குகிறது.

ரெட்டிக்கு 1972இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2018இல் நியூயார்க்கில் காலமானார். தமிழ் நிலத்தோடு இவ்வளவு நெருக்கம் உள்ள ஒருவர் உலக அச்சோவியத்தில் ஒரு முறையையே உருவாக்கியவர் என்பது நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை.

முசுக்கொட்டை மரமும் ராபர்ட்சன் கீயும்

இன்னொரு எடுத்துக்காட்டு நிறத்தைப் பற்றியது. அமெரிக்க அரூப ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர் 1977இல் ‘எசன்ஸ் மல்பெரி’ என்ற மரச்செதுக்கு அச்சை எட்டு நிறங்களில் உருவாக்கினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவர் பார்த்த 15ஆம் நூற்றாண்டு அச்சுகளின் மங்கிய நிறங்கள் ஒரு தூண்டுதல். அச்சுப் பட்டறைக்கு வெளியே நின்ற முசுக்கொட்டை (மல்பெரி) மரம் மற்றொரு தூண்டுதல். அந்தப் பழத்தின் சாற்றையே பிழிந்து நிறத்தைச் சோதித்துப் பார்த்தார். முடிவில் கிடைத்த படத்தில் இலையும் இல்லை, கிளையும் இல்லை, பழமும் இல்லை. பழச்சாறு தாளில் ஊறியது போன்ற செந்நிறப் பரப்பே பார்ப்பவரை முதலில் ஈர்க்கிறது. மரத்தை வரையாமல் மரக்கட்டையையே பேசவிட்டார் என்று சொன்னால் தகும்.

மரத்தின் ரேகையைப் பயன்படுத்துவது அவருக்கு முன்பே இருந்த வழக்கம்தான். நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 19ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே கட்டையின் ரேகைகள் படத்தில் தெளிவாக விழும்படி அச்சிட்டார். ரேகை என்பது அந்த மரம் வளர்ந்த ஆண்டுகளின் பதிவு. பருவங்கள் தெளிவாக மாறும் நாடுகளின் மரங்களில் ஆண்டு வளையங்கள் துலக்கமாக இருக்கும். நம் வட்டாரத்தில் ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் இருப்பதால், மரங்கள் பலவற்றில் அவ்வளவு தெளிவான வளையங்களைக் காண முடியாது. ஆகவே, எந்த ஊர்க் கட்டையை எடுக்கிறோம் என்பதே படத்தின் குணத்தை ஓரளவு முடிவு செய்துவிடுகிறது.

ஃபிராங்கன்தாலர் பணியாற்றிய அந்தப் பட்டறையை நடத்தியவர் கென்னத் டைலர். அவருடைய துணையோடு 2002இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராபர்ட்சன் கீயில், 19ஆம் நூற்றாண்டுக் கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து, எஸ்டிபிஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிங்கப்பூர் டைலர் அச்சுக்கழகம் தொடங்கப்பட்டது. அச்சுப் பட்டறை, தாள் தயாரிக்கும் கூடம், காட்சிக்கூடம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருப்பது அதன் சிறப்பு. விதைகள், இலைகள் போன்ற வடிவங்களைக் கல்லில் செதுக்கிப் புகழ்பெற்ற சிற்பி ஹான் சாய் போர், சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தை 1995ஆம் ஆண்டு பெற்றவர்; அவர் 2013இல் அங்கே காட்டை மையமாக வைத்து அச்சிலும் தாள்கூழிலும் படைப்புகளை உருவாக்கினார். தாள்கூழ் என்பது நாரும் நீரும். அதைக் கையால் அள்ளி வைத்து உலரவிடும்போது படமும் தாளும் ஒன்றாகவே உருவாகின்றன. காட்டைப் பற்றிப் பேச நினைக்கும் ஒருவருக்குத் தாவர நாரே கையில் கிடைப்பது சாதாரணமான சலுகையன்று.

கவனிப்பு என்றால் கண்ணால் பார்ப்பது மட்டும்தானா என்ற கேள்விக்கு, சிங்கப்பூர் அச்சோவியர் சிங் சியோக் டின் வாழ்ந்து காட்டிய பதில் உண்டு. 1946இல் பிறந்த அவர், 1988இல் பார்வையின் பெரும்பகுதியை இழந்தார். ஆயினும் அச்சோவியத்தைக் கைவிடவில்லை. 2005இல் கலாசாரப் பதக்கம் பெற்றார், 2019இல் மறைந்தார். தகட்டின் மேடுபள்ளத்தையும் அழுத்தத்தில் புடைத்து எழும் தாளையும் விரலால் படிக்க முடியும் என்பதால், எண்ணெய் வண்ணத்தைவிட அச்சோவியத்தில் தொடுவுணர்வுக்கு அதிக இடமுண்டு. பூமலையில் உள்ள பழைய தெம்புசு மரத்தின் பட்டையில் கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டிப் பார்ப்பவருக்கு இது விளங்கும்: நெடுக்காக ஓடும் ஆழமான வெடிப்புகள், நடுவே கரடான மேடுகள். அச்சுக்கு வேண்டிய செய்தி முழுவதும் அந்தத் தொடுதலிலேயே கிடைத்துவிடுகிறது.

வெறுமையும் வடிவமே

கோலாலம்பூர் சென்றவர்கள் சிலர், கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்தின் காட்டைப் பார்த்திருக்கலாம். அங்கே உயர்ந்து நிற்கும் காப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதும், இடையே வானம் மெல்லிய ஒளிக்கால்வாய்களாக வளைந்து ஓடுவதும் தெரியும். ஏன் அவை தொடுவதில்லை என்பது குறித்து ஆய்வாளர்களிடையே ஒரே விளக்கம் இல்லை. காற்றில் உரசி நுனிகள் உடைவதாகவும், பக்கத்து இலையின் நிழலை உணர்ந்து தளிர் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதாகவும் கருத்துகள் உண்டு. நிழற்படக்காரர் இதில் இலைகளைப் பார்ப்பார். மரச்செதுக்கு அச்சோவியருக்குக் கண்ணில் படுவது அந்த இடைவெளி. அவருடைய கையில் உள்ள உளி எதைத் தொடுகிறதோ அது வெள்ளையாகப் போகிறது. ஆகவே அவர் செய்யும் வேலை முழுவதும் வெறுமையைச் செதுக்கும் வேலைதான். இலைகள் அவர் தொடாமல் விட்ட கருமை. இயற்கையில் அவர் கண்ட உறவும் அவருடைய கருவியின் இயல்பும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்திவிடுகின்றன.

எந்தக் காட்சிக்கு எந்த முறை என்று தேர்வதில் அச்சோவியரின் பாதித் திறமை இருக்கிறது. சுங்கை பூலோவின் அலையாத்திக் காட்டில் சேற்றிலிருந்து பென்சில்களாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களின் சீரான அடுக்கு, கூரிய உளிக்கோடுகளுக்கு உரியது. அதே சேற்றில் நீர் வடிந்த பிறகு எஞ்சும் குட்டைகள் உளிக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு லித்தோகிராஃப் நன்றாகப் பொருந்தும். கொழுப்புள்ள மையை நீரில் கரைத்துக் கல்லின்மேல் ஊற்றி உலரவிட்டால், நீர் ஆவியாகும்போது மைத்துகள்கள் ஓரங்களில் ஒதுங்கி, சுருக்கம் சுருக்கமான வலைப்பின்னல் ஒன்றை விட்டுச் செல்லும். பிரெஞ்சு அச்சாளர்கள் அதைத் தேரைத்தோல் என்பார்கள். குட்டை வற்றும்போது சேற்றில் என்ன நடக்கிறதோ அதுவே கல்லிலும் நடக்கிறது. கல்லைப் பற்றிச் சொல்லும்போது ஒரு செய்தி: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செனஃபெல்டர் லித்தோகிராஃபைக் கண்டுபிடித்தபோது பயன்பட்ட பவேரியச் சுண்ணாம்புக்கல், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கடற்கழியில் படிந்த நுண்சேறு. அந்தக் கற்களிலேயே கிடைத்த ஒரு பறவை இறகின் புதைபடிவம் 1861இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. அதற்கு இட்ட அறிவியல் பெயரில் ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிக்கா என்று அச்சுக்கல்லின் பெயரும் சேர்ந்துகொண்டது. அச்சோவியர் கைக்கு வரும் முன்பே அந்தக் கல் படியெடுக்கத் தொடங்கிவிட்டது.

எட்சிங் முறையில் இயற்கைப் பொருளை நேராகவே பதிக்கவும் வழி உண்டு. சாஃப்ட் கிரவுண்ட் எனப்படும் மெழுகும் கொழுப்பும் கலந்த பூச்சைத் தகட்டில் தடவி, அதன்மேல் ஓர் இலையை வைத்து அழுத்தி எடுத்தால், இலையின் நரம்புகள் பட்ட இடத்தில் பூச்சு பெயர்ந்துவிடும். அமிலத்தில் இட்டதும் நரம்புகள் தகட்டில் அரிபட்டு நிலைத்துவிடும். மிக எளிது, மிக அழகு. அதனாலேயே ஆபத்தும்கூட. இலையை அப்படியே பதித்துவிட்டு அதை அரூபம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது இலையின் சாட்சியம் மட்டுமே. தேர்ந்த கலைஞர் அந்தத் தகட்டை மறுபடி அமிலத்தில் இடுவார், பாதியை மெருகேற்றி அழிப்பார், இன்னொரு தகட்டின் மேல் தலைகீழாகப் பதிப்பார். இலை என்ற பெயர் மறைந்து, கிளைத்துக் கிளைத்துச் சிறுத்துச் செல்லும் அந்த நரம்பின் போக்கு மட்டும் எஞ்சும் வரை விடமாட்டார். ஆற்றின் கழிமுகமும் நுரையீரலின் கிளைகளும் மின்னல் வெட்டும் அதே போக்கில் கிளைப்பவை என்பதால், பார்ப்பவர் அதில் எதைக் காண்கிறார் என்பது அவரவர் அனுபவத்தைப் பொறுத்தது.

சிங்கப்பூரின் வானிலை இந்தக் கலைக்கு வெறும் கருப்பொருளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஈரப்பதம் மிகுந்த காற்றில் தாள் ஈரத்தை இழுத்துச் சற்றே விரிந்துகொள்ளும். குளிரூட்டிய அறையில் உலர்ந்து சுருங்கும். ஒரு நிறத்தை இன்றும் அடுத்த நிறத்தை நாளையும் பதிப்பவருக்கு இந்த மயிரிழை வேறுபாடே போதும், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராமல் போய்விட. அதைத் தவறு என்று ஒதுக்குபவர் உண்டு. நிறங்கள் சற்று விலகி நிற்பதையே மழைக்காற்றின் நடுக்கமாக ஏற்றுக்கொள்பவரும் உண்டு.

பார்ப்பவருக்குச் சில குறிப்புகள்

எல்லா அரூப அச்சோவியங்களும் இயற்கையிலிருந்து பிறந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. தேவகோட்டையில் பிறந்து சென்னையில் பணியாற்றிய ஆர்.எம். பழனியப்பனின் அச்சுகளில் வரும் கோடுகள், பறத்தல், விண்வெளி, காலம் ஆகியவை பற்றிய சிந்தனையிலிருந்து கிளம்புபவை. கட்டங்களும் வட்டங்களும் மட்டும் கொண்ட திரை அச்சுகள் பல, கணக்கிலிருந்தோ நகரத்திலிருந்தோ வந்தவை. அவற்றில் வலிந்து மலையையும் மேகத்தையும் தேடுவது படைப்புக்கு நாம் செய்யும் அநியாயம்.

தலைப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவர் பெரும்பாலும் தலைப்பையே படத்தில் தேடுவார். அதற்கு மாறாக, முதலில் தாளின் அருகே சென்று, பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் தெரிந்தால் அது எட்சிங் வகை. மரத்தின் ரேகை தெரிந்தால் கட்டை. எந்த நிறம் எதன்மேல் அமர்ந்திருக்கிறது, வெள்ளை என்பது தாளின் வெள்ளையா என்று பார்த்துச் செல்லலாம். அதன்பின், இந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு வினைச்சொல்லால் பதில் சொல்லிப் பார்க்கலாம்: வடிகிறது, வெடிக்கிறது, அடுக்குகிறது, ஒதுங்குகிறது, பரவுகிறது. அந்த வினைச்சொல் கிடைத்தபின் தலைப்பைப் படித்தால், கலைஞர் எங்கே நின்று எதைப் பார்த்திருப்பார் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

தாமே முயன்று பார்க்க விரும்புபவர்களுக்கு லினோ பலகை ஏற்றது. ஆளி எண்ணெயும் தக்கைத்தூளும் சேர்ந்து செய்யப்படுவதால் அதில் ரேகை இல்லை. உளி எந்தப் பக்கமும் தடையின்றி ஓடும். ஓவிய வகுப்பில் உருளைக்கிழங்கை வெட்டி அச்சுப் பதித்த பிள்ளைகள்கூடச் சிறிது மேற்பார்வையோடு இதைச் செய்யலாம். புளோக்கின் கீழே நிற்கும் தூங்குமூஞ்சி மரமே போதும்: மாலையில் அதன் சிற்றிலைகள் இணை இணையாக மடிந்துகொள்வதை ஒரே இடத்தில் நின்று பல மாலைகள் பார்த்து, மடிவதற்கு முன்னும் மடியும்போதும் மடிந்த பின்னும் இலைகளுக்கு இடையே உள்ள வானத்தின் அளவு மட்டும் எப்படி மாறுகிறது என்று குறிப்பேட்டில் வரைந்துகொள்ளலாம். பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் செடிகொடிகளைப் பறிப்பதும் எடுத்துச் செல்வதும் சட்டப்படி தடுக்கப்பட்டவை என்பதால், வீட்டுக்கு வருவது குறிப்பேடு மட்டுமாகவே இருக்கட்டும்; அரூபத்துக்கு அது நன்மையே, ஏனெனில் இலை கையில் இருந்தால் அதை அப்படியே வரையத்தான் கை போகும். அந்த வரைவுகளில் இலையை முற்றிலும் நீக்கி, இடைவெளிகளை மட்டும் மூன்று சிறிய லினோத் துண்டுகளில் செதுக்கி, உருளையால் மெல்லியதாக மை பூசி, ஒரே தாளில் அடுத்தடுத்துப் பதித்துப் பார்க்கலாம். உளி பிடித்த கைக்கு முன்னால் மற்றொரு கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. பதியும்போது இடம் வலமாக மாறிவிடும் என்பதால், செதுக்கத் தொடங்கும் முன் வரைவைக் கண்ணாடியில் ஒருமுறை காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.